திமிரா, நோயா? – மூளையின் கடிவாளம் பற்றி ஒரு பாடம்

சென்ற மழைக்காலத்தில் ஒரு பிற்பகல், திண்டுக்கல்லில் உள்ள நம் இல்லத்திற்கு ஒரு பாட்டியார் வந்தார். நெடுநாள் பழக்கம் உடையவர். திண்ணையில் அமர்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டவர், கைப்பையிலிருந்து ஒரு மருத்துவச் சீட்டை எடுத்து நம்மிடம் நீட்டினார். மதுரையில் ஒரு மனநல மருத்துவர் எழுதிய சீட்டு அது. அதில் மூன்று ஆங்கிலச் சொற்கள் இருந்தன. தமிழ் எழுத்தில் எழுதினால், பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸ்ஆர்டர்.

"டீச்சரம்மா, எனக்கு ஒன்றே ஒன்று சொல்லுங்கள். என் பேத்திக்கு இருப்பது நோயா, திமிரா?" என்று கேட்டார்.

பேத்திக்கு வயது இருபத்திரண்டு. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையின் அலுவலகத்தில் வேலை. கணக்கில் கெட்டிக்காரி. ஆனால் தோழி ஒருத்தி தொலைபேசியை எடுக்கத் தாமதித்தால் முப்பது நாற்பது முறை அழைப்பாள். எடுத்தவுடன், "இனி உன் முகத்தில் விழிக்கமாட்டேன்" என்பாள். அன்றிரவே அழுது மன்னிப்புக் கேட்பாள். தம்ளர் பறக்கும். கையில் தானே காயம் செய்துகொண்டதும் உண்டு. மறுநாள் காலையில் ஒன்றுமே நடவாததுபோல் வாசலில் கோலமிட்டுக்கொண்டிருப்பாள். "கோலம் போடுகிற கையைப் பார்த்தால் நோயாளி என்று யார் நம்புவார்?" என்றார் பாட்டியார். (குடும்பத்தின் அடையாளங்களை மாற்றியே எழுதுகிறோம்.)

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பல்லாண்டு காலம் கல்வி உளவியல் கற்பித்தவர்கள் நாம். ஆயினும் அந்தக் கேள்விக்கு அன்று நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. சீட்டின் பெயரை எழுதி வைத்துக்கொண்டு, "ஒரு மாதம் கழித்து வாருங்கள்" என்று அனுப்பினோம். அந்த மாதத்தில் நாம் படித்தறிந்ததை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரை. இதனை எழுத வேறொரு காரணமும் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

பெயர் வந்த வரலாறு

1938ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து உளப்பகுப்பாய்வாளர் அடால்ஃப் ஸ்டெர்ன் என்பவர், இன்ன நோய் என்று எந்த வகையிலும் அடங்காத சிலரைக் குறிக்க 'எல்லைக்கோடு' என்னும் சொல்லைக் கையாண்டார். சிறிய மனக்கலக்கத்திற்கும் பெரிய மனநோய்க்கும் இடைப்பட்ட எல்லையில் நிற்பவர்கள் என்பது அக்காலத்துக் கருத்து. இன்று அக்கருத்தை எவரும் ஏற்பதில்லை. பெயர் மட்டும் தங்கிவிட்டது. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இது முறையாக இடம்பெற்றது. உலக நலவாழ்வு நிறுவனம் தன் பத்தாம் பதிப்புப் பட்டியலில் இதனை 'உணர்ச்சி நிலையில்லா ஆளுமைக் கோளாறு' என்னும் பொருள்படக் குறித்தது. நம்மைக் கேட்டால் இந்தப் பெயரே பொருத்தமானது என்போம். எல்லைக்கோடு என்றவுடன் கேட்பவர், "பைத்தியத்தின் எல்லையோ?" என்று அஞ்சுகிறார். பெயரே பாதி நோயை உண்டாக்கிவிடுகிறது.

அமெரிக்கக் கையேடு ஒன்பது அடையாளங்களைக் கூறுகிறது. அவற்றுள் ஐந்தேனும் நெடுங்காலமாகவும் வாழ்வின் பல இடங்களிலும் காணப்பட வேண்டும். கைவிடப்படுவோமோ என்னும் பேரச்சம், ஒருவரை இன்று தெய்வமாகவும் நாளை பகையாகவும் காணும் உறவு, தான் யார் என்பதிலேயே உறுதியின்மை, பின்விளைவு எண்ணாத துணிச்சல், தற்கொலைப் பேச்சு அல்லது தன்னைக் காயப்படுத்தல், சில மணி நேரத்திற்குள் மாறும் மனநிலை, நெஞ்சில் ஓயாத வெறுமை, அடங்காச் சினம், மிகுந்த நெருக்கடியில் தோன்றி மறையும் ஐயமோ தன்னினைவு விலகலோ ஆகியன அவை. இவற்றைப் படித்தவுடன் வாசகர்கள் தம் மருமகளையோ மாமியாரையோ எண்ணிப் பார்ப்பார்கள் என்பதை அறிவோம். வேண்டா. இவற்றுள் ஒன்றிரண்டு இல்லாத மனிதர் எவர்? பயிற்சி பெற்ற மருத்துவர் பலமுறை கண்டு, நெடுநேரம் உரையாடி முடிவு செய்ய வேண்டியது இது. மருத்துவமனைக்கு வருவோரில் பெண்களே மிகுதி என்பதால் இது பெண்களின் நோய் என்றொரு எண்ணம் பரவியுள்ளது. பொதுமக்களிடையே நடந்த பெரிய அமெரிக்கக் கணக்கெடுப்பில் ஆண்களும் ஏறத்தாழ ஒத்த அளவிலேயே காணப்பட்டனர். ஆண் தட்டை வீசினால் "ஆண்பிள்ளைக் கோபம்" என்கிறோம். பெண் வீசினால் சீட்டு எழுதுகிறோம்.

காகம் பற, எருமை பற

இனிப் பாடத்திற்கு வருவோம். தொடக்கப்பள்ளி ஆசிரியர் அனைவரும் அறிந்த விளையாட்டு ஒன்றுண்டு. ஆசிரியர், "காகம் பற" என்றால் பிள்ளைகள் கையைத் தூக்க வேண்டும். "குருவி பற", "கிளி பற", "கொக்கு பற" என்று விரைவாகச் சொல்லிக்கொண்டே வந்து, திடீரென "எருமை பற" என்பார். வகுப்பில் பாதிக் கைகள் மேலே இருக்கும்! எருமை பறக்காது என்பதை அறியாத குழந்தை திண்டுக்கல் மாவட்டத்தில் உண்டோ? அறியும். பின் ஏன் கை எழுந்தது? நான்கு முறை எழுந்த கை ஐந்தாம் முறை தானே எழுகிறது. அதனை நிறுத்துவதற்குத் தனியே ஒரு வேலை நடக்க வேண்டும். அறிவு வேறு, அறிந்ததைக் கொண்டு கையை நிறுத்தும் ஆற்றல் வேறு. இந்த இரண்டாவது ஆற்றலையே உளவியலார் அறிவாற்றல் கட்டுப்பாடு என்கின்றனர். நாம் கடிவாளம் என்று கூறிக்கொள்வோம்.

மற்றொரு சோதனையை வாசகர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சிவப்பு எழுதுகோலால் 'பச்சை' என்றும், பச்சை எழுதுகோலால் 'நீலம்' என்றும், இவ்வாறு இருபது சொற்களை ஒரு தாளில் எழுதுங்கள். சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தை மட்டும் விரைந்து கூற வேண்டும். நாக்கு தடுமாறும். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் என்பவர் 1935இல் இதனை வெளியிட்டார். படிக்கத் தெரியாத குழந்தைக்கு இந்தத் தடுமாற்றம் இல்லை என்பது இதில் சுவையான செய்தி. நம் பயிற்சி மாணவியர் கரும்பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் இதனைச் செய்து காட்டும்போதெல்லாம் வகுப்பே சிரிப்பில் ஆழும்.

இந்தக் கடிவாளம் மூளையில் எங்குள்ளது? 1848 செப்டம்பர் 13ஆம் நாள், அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் இருப்புப்பாதைப் பணியில் வெடிவிபத்து நேர்ந்து, ஃபினியாஸ் கேஜ் என்னும் தொழிலாளியின் கன்னத்தில் புகுந்த ஓர் இரும்புக் கோல் நெற்றிக்கு மேல் வெளியேறியது. அவர் பிழைத்தார். ஆனால் பொறுமைசாலியாக இருந்தவர் முரடராக மாறினார் என்று அவருடைய மருத்துவர் எழுதினார். நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதிக்கும் தன்னடக்கத்திற்கும் தொடர்புண்டு என்பது அதிலிருந்து பேசப்பட்டது. கேஜ் பின்னாளில் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார் என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் கூறுவதில்லை. ஆறு குதிரைகளைப் பூட்டிய வண்டியை முரடரால் ஓட்ட முடியுமா? அவர் பெருமளவு தேறியிருக்க வேண்டும் என்று இன்றைய ஆய்வாளர் கருதுகின்றனர்.

நெற்றிக்குப் பின்னுள்ள இப்பகுதியை முன்நெற்றிப் புறணி என்பர். காதுக்கு உட்புறமாக, இரு பக்கமும் பாதாம் பருப்பின் வடிவில் அமைந்த சிறு பகுதி அமிக்டலா. ஆபத்து, அச்சம், பிறர் முகக்குறிப்பு ஆகியவற்றிற்கு விரைந்து துடிப்பது அது. புதரில் சலசலப்புக் கேட்டவுடன் பாம்போ ஓணானோ என்று பாராமல் கால் பின்வாங்குகிறதே, அதில் அமிக்டலாவின் பங்கு பெரிது. "ஓணான்தான்" என்று பின்னர் ஆற்றுவதில் முன்நெற்றிப் புறணிக்குப் பங்குண்டு. திண்டுக்கல்லில் இருந்துகொண்டு பூட்டைக் கூறாமல் இருக்கலாமா? நல்ல பூட்டின் உள்ளே பல நெம்புத் தகடுகள் இருக்கும். சாவி அவை அனைத்தையும் உரிய உயரத்திற்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். ஒரு தகடு சிக்கிக்கொண்டால், சாவியைக் குற்றம் கூறிப் பயனில்லை. கதவை உதைத்தும் பயனில்லை. மூளையிலும் பல பகுதிகள் ஒத்துழைத்தால்தான் ஒரு செயலை நிறுத்த முடிகிறது. உவமையை இதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும், நிறுத்திக்கொள்வோம்.

படம் பிடித்தவர்கள் கண்டது

மூளையின் எப்பகுதி வேலை செய்கிறதோ அப்பகுதிக்கு உயிர்வளி நிறைந்த குருதி மிகுதியாகப் பாய்கிறது. இதனைக் காந்தப் படக்கருவியால் காணலாம் என்னும் வழியை 1990இல் ஜப்பானில் பிறந்த அறிவியலர் சேய்ஜி ஒகாவா காட்டினார். அதன்பின் உயிருள்ள மனிதர் ஒன்றைச் செய்துகொண்டிருக்கும்போதே அவர் மூளையின் இயக்கத்தைப் பார்க்க முடிந்தது.

2001இல் ஜெர்மனியின் ஆஹன் நகரில் சபைன் ஹெர்பெர்ட்ஸ் குழுவினர், இக்கோளாறு உடைய ஆறு பெண்களுக்கும் இல்லாத ஆறு பெண்களுக்கும் மனத்தைக் கலக்கும் படங்களைக் காட்டினர். கோளாறு உடையோரிடம் அமிக்டலா மிகுதியாகத் துடித்தது. பன்னிரண்டு பேரை வைத்து உலகிற்கே முடிவு கட்டலாமா என்று கேட்பது நியாயமே. அதன்பின் பலர் செய்து பார்த்தனர்.

2003இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வு நம்மைத் தூங்கவிடாமல் செய்தது. அவர்கள் காட்டியவை வெறும் முகங்கள்: மகிழ்ந்த முகம், வருந்திய முகம், அஞ்சிய முகம், எந்த உணர்ச்சியும் இல்லாத முகம். கோளாறு உடையோரின் அமிக்டலா முகங்களுக்கு மிகுதியாகத் துடித்தது. அவர்களுள் சிலர், உணர்ச்சியற்ற முகத்தைப் பார்த்து, அது தம்மை அச்சுறுத்துவதாக உணர்ந்தனர். ஆசிரியர்களுக்கு இது எத்தகைய செய்தி! வகுப்பில் கண்டிப்பு வேண்டும் என்பதற்காக முகத்தில் எதையும் காட்டாமல் நிற்பதைப் பயிற்சிப் பள்ளியில் நாமே கற்பித்திருக்கிறோம். வீட்டிலும், சண்டை வேண்டாம் என்று முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு இருந்துவிடுகிறோம். நாம் அமைதி என்று எண்ணுவது எதிரில் இருப்பவருக்குப் பகையாகத் தெரியக்கூடும்.

2007இல் நியூயார்க் நகரில் டேவிட் சில்பர்ஸ்வைக் குழுவினர் செய்த ஆய்வே நம் தலைப்பிற்கு நேரானது. 'காகம் பற' விளையாட்டையே அவர்கள் வேறு வடிவில் செய்தனர் எனலாம். திரையில் சொற்கள் ஒவ்வொன்றாகத் தோன்றும். நேரான எழுத்தில் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். சாய்ந்த எழுத்தில் வந்தால் அழுத்தக் கூடாது. சொற்களில் சில இனிமையானவை, சில வெறும் சொற்கள், சில நெஞ்சைக் குத்துபவை. குத்தும் சொற்களுக்கு நடுவே கையை நிறுத்த வேண்டியிருந்தபோது, நலமுடையோரிடம் முன்நெற்றிப் புறணியின் நடு அடிப்பகுதி நன்கு இயங்கியது. கோளாறு உடையோரிடம் அப்பகுதியின் இயக்கம் குறைந்திருந்தது. அமிக்டலாவை ஒட்டிய பகுதிகளின் இயக்கம் மிகுந்திருந்தது. அதாவது, வண்டி பள்ளத்தில் இறங்கும் அந்த நொடியில்தான் கடிவாளம் தளர்ந்தது. சமநிலத்தில் அவ்வளவு வேறுபாடில்லை. காலையில் கோலம் போடும் கை ஏன் நடுங்குவதில்லை என்பதற்கும், பாட்டியார் அதனைக் கண்டு ஏன் ஏமாந்தார் என்பதற்கும் விளக்கம் இங்கே கிடைக்கிறது.

2008இல் ஹூஸ்டன் நகரில் நடந்த ஆய்வு ஒன்று விளையாட்டாகவே அமைந்தது. ஒருவர் தன் 20 வெள்ளியிலிருந்து விரும்பிய அளவை மற்றவரிடம் தருவார். அது மும்மடங்காகும். பெற்றவர் அதில் விரும்பியதைத் திருப்பித் தரலாம். இவ்வாறு பத்துச் சுற்றுகள். பெற்றவர் கஞ்சத்தனம் செய்தால் அடுத்த சுற்றில் கொடுப்பவரும் கையைச் சுருக்குவார். நலமுடையவர், "நம்பிக்கை குறைகிறது" என்பதை உணர்ந்து, அடுத்த முறை தாராளமாகத் திருப்பித் தந்து உறவைச் சரிசெய்துகொள்வார். கோளாறு உடைய 55 பேர் ஆடியபோது இச்சரிசெய்தல் பெரிதும் நிகழவில்லை; போகப் போக நம்பிக்கை முறிந்தது. நலமுடையோரின் மூளையில் இன்சுலா என்னும் பகுதி, குறைந்த தொகை வந்தவுடன் மிகுந்து இயங்கி எச்சரித்தது. மற்றவரிடம் அந்த எச்சரிக்கை எழவில்லை. நட்பு குலைகிறது என்னும் மணி அடித்தால்தானே ஓடிச் சென்று பார்ப்போம்?

தன்னைக் காயப்படுத்திக்கொள்வதை, பிறரை மிரட்டும் நடிப்பு என்றே நம்மவர் கூறுவர். ஜெர்மனியின் மான்ஹைம் நகரத்தார் 2010இல் வெளியிட்ட ஆய்வில், கலக்கமூட்டும் படங்களைக் காட்டிக்கொண்டே, தீங்கற்ற அளவில் வெப்பத்தால் வலியூட்டியபோது, அமிக்டலாவின் துடிப்புத் தணிவதைக் கண்டனர். உடல்வலி ஒரு கணம் மனவலியை அமுக்குகிறது. அந்தக் கணத்திற்காகவே பலர் அதனை நாடுகின்றனர். இது தீர்வன்று, மிகக் கொடிய பழக்கம். ஆனால் நடிப்பென்று ஏளனம் செய்யத் தக்கதும் அன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆய்வுகள் அனைத்தும் ஒன்றுபோல் கூறவில்லை. சிலவற்றில் அமிக்டலாவில் வேறுபாடே காணப்படவில்லை. ஆய்வுக்கு வந்தோர் பலருக்கு மனச்சோர்வும் சேர்ந்திருந்தது, மருந்தும் உட்கொண்டனர். ஆகவே மூளைப் படத்தைப் பார்த்து, "இவருக்கு இந்நோய் உண்டு" என்று கூற இன்றும் வழியில்லை. பல்லாயிரம் ரூபாய் செலவழித்துப் படம் எடுத்துப் பார்ப்போம் என்று எவரேனும் ஆலோசனை கூறினால் மருத்துவரைக் கேளாமல் செய்ய வேண்டா. அந்தப் பணத்திற்கு நல்ல ஆலோசனையாளரிடம் பலமுறை சென்று வரலாம்.

நம் வகுப்பறையில் ஒரு நாள்

காரணம் என்ன என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லை. இரட்டையரையும் உறவினரையும் ஆராய்ந்தவர்கள், பரம்பரைக் கூறு ஏறத்தாழப் பாதி என்கின்றனர். மீதி, வாழ்ந்த சூழல். சிறுவயதுக் கொடுமைகளை அனுபவித்தோர் பலர் இக்கோளாறு உடையோரிடையே உள்ளனர். ஆனால் எல்லோரும் அல்லர். ஆகவே தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டா. பிறவியிலேயே உணர்ச்சி மிகுந்த குழந்தை, அதன் உணர்வைச் செல்லாக் காசாக்கும் சூழலில் வளரும்போது இக்கோளாறு உருவாகிறது என்பார் அமெரிக்க உளவியலார் மார்ஷா லினஹன். "இதற்கெல்லாமா அழுவது?" என்னும் நம் வீட்டுச் சொல்லே அந்தச் சூழலுக்கு எடுத்துக்காட்டு.

முன்பு கூறிய மற்றொரு காரணத்தை இங்கே கூறியாக வேண்டும். 1980களில் நம்மிடம் பயின்ற மாணவி ஒருத்தி. துணைக்கருவி செய்வதில் அவளுக்கு இணையில்லை. தீப்பெட்டிகளைக் கொண்டு மாதிரிச் சந்தையே அமைத்துவிடுவாள். ஒரு வாரம் நம்மையே சுற்றி வருவாள். மறுவாரம் முகம் கொடுக்கமாட்டாள். நாம் விடைத்தாள் திருத்தும் பணிக்காக மூன்று நாள் வெளியூர் சென்று திரும்பியபோது, வகுப்பிலேயே எழுந்து நின்று, "சொல்லாமல் போய்விட்டீர்கள், எல்லோரும் போய்விடுவீர்கள்" என்று கத்தினாள். சினமும் வெட்கமும் ஒருங்கே வர, நாற்பது பேர் எதிரில், "நடித்தது போதும், உட்கார்" என்றோம். அவள் உட்காரவில்லை, வெளியேறினாள். மறுநாள் வரவில்லை. பின்னர் வரவே இல்லை. அவளுக்கு இக்கோளாறு இருந்தது என்று கூற நமக்கு உரிமையில்லை. ஆனால் கல்வி உளவியல் கற்பித்த ஆசிரியை ஒருவர் அந்த நொடியில் கூறக்கூடாத சொல்லைக் கூறினார் என்பதில் ஐயமில்லை. பயிற்சி நூல்களில் வகுப்பறைக் கட்டுப்பாடு என்றொரு பாடம் உண்டு. மாணவியின் கட்டுப்பாடு தளர்ந்த அந்த நேரத்தில் ஆசிரியையின் கட்டுப்பாடு எங்கே போயிற்று?

தேறியவர் உண்டு

மேலே கூறிய மார்ஷா லினஹன் வெறும் ஆராய்ச்சியாளர் அல்லர். 1961இல், பதினேழாம் வயதில், தன்னைத் தானே கடுமையாகக் காயப்படுத்திக்கொண்ட நிலையில் கனெக்டிகட் மாநிலத்து மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு இரண்டாண்டுக்கு மேல் அங்கே இருந்தவர். பிற்காலத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, தம்மைப் போன்றோருக்கென ஒரு சிகிச்சை முறையை வகுத்தார். அதன் பயனைச் சோதித்த முதல் ஆய்வு 1991இல் வெளிவந்தது. தம் கதையை 2011இல்தான், தாம் இருந்த அதே மருத்துவமனையில், வெளிப்படையாகக் கூறினார்.

அவருடைய முறை மருந்தன்று, பாடத்திட்டம். ஆசிரியர்களுக்கு இது மகிழ்ச்சி தரும். இக்கணத்தில் நிற்கக் கற்றல், துன்பத்தைத் தாங்கக் கற்றல், உணர்ச்சியைப் பெயரிட்டு ஆளக் கற்றல், உறவில் கேட்கவும் மறுக்கவும் கற்றல் என நான்கு பிரிவுகள். வீட்டுப்பாடமும் உண்டு, குறிப்பேடும் உண்டு. துன்பத்தைத் தாங்கும் பிரிவில் ஓர் எளிய பயிற்சி: உணர்ச்சி பொங்கும்போது மூச்சை அடக்கிக் குளிர்ந்த நீரில் சில நொடிகள் முகத்தை வைத்தல். நீரில் மூழ்கும் உயிர்களுக்கு இதயத் துடிப்பு மெதுவாகும் இயல்பு நம் உடலிலும் உள்ளது. அது துடிப்பைத் தணிக்கும். (இதய நோயுடையோர் இதனைச் செய்தல் கூடாது.) 2014இல் வெளியான நியூயார்க் ஆய்வில், இம்முறையில் ஓராண்டு பயின்றவர்களின் அமிக்டலாத் துடிப்புக் குறைந்திருந்தது கண்டறியப்பட்டது. பதினொருவரே ஆயினும், படித்தால் மூளையும் மாறும் என்பதற்கு ஒரு சான்று.

இந்நோய்க்கென்றே ஏற்பளிக்கப்பட்ட மருந்து எதுவும் இன்றளவும் இல்லை. உடன் வரும் மனச்சோர்வு, உறக்கமின்மை முதலியவற்றிற்கு மருத்துவர் மருந்து தரலாம். அவற்றை அவராக நிறுத்தும்வரை நிறுத்தலாகாது.

பாஸ்டன் நகருக்கு அருகிலுள்ள மக்லீன் மருத்துவமனையில் மேரி சனாரினி என்பவர், இக்கோளாறோடு உள்நோயாளியாக இருந்த 290 பேரை 1990களின் தொடக்கம் முதல் தொடர்ந்து கண்டு வந்தார். பத்தாண்டு முடிவில் 100க்கு 93 பேர், அறிகுறிகள் நீங்கிக் குறைந்தது ஈராண்டு இருந்தனர். வேலை, உறவு இரண்டிலும் நன்கு நிலைபெற்றோர் பாதிப்பேரே. இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். புயல் ஓய்கிறது, ஓய்ந்தபின் வீட்டைத் திரும்பக் கட்டத் துணை வேண்டும்.

நம் வீடுகளுக்கு

2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் கருகி மாண்டதை மறக்க இயலாது. அந்த நாளுக்குப் பின் சட்டம் வெகுதூரம் வந்துவிட்டது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை விலக்குகிறது; தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகக் காணாமல், கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. "போலீஸ் வழக்காகிவிடும்" என்று அஞ்சி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லாமல் மறைத்து வைப்போர் இன்றும் உளர். அஞ்ச வேண்டியதில்லை. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி திண்டுக்கல்லிலேயே உள்ளது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசுத் தொலைபேசிச் சேவையின் எண் 14416; இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. சென்னையில் 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய சிநேகா அமைப்பும் தற்கொலை எண்ணம் உடையோரின் குரலைக் கேட்கவே உள்ளது.

சினம் எழும்போது வாதம் செய்வது, எரியும் கூரைக்கு விசிறுவதாகும். நியாயத்தை மறுநாள் பேசிக்கொள்ளலாம். முதலில், "உனக்கு எவ்வளவு வலித்திருக்கும்" என்று உணர்வை ஒப்புக்கொள்ளுங்கள். தம்ளரை எறிந்ததை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. வெளியே செல்வதாயின் எப்போது திரும்புவோம் என்று சொல்லிவிட்டுச் செல்லுங்கள். சாகப்போகிறேன் என்னும் சொல்லை ஒருபோதும் விளையாட்டாகக் கொள்ளாதீர்கள்; நேராகக் கேளுங்கள், தனியே விடாதீர்கள், மருத்துவரிடம் செல்லுங்கள். நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் பக்கத்துத் தோட்ட வீடுகளில் பூச்சிமருந்துப் புட்டிகள் அரிசி மூட்டைக்கு அருகிலேயே கிடக்கக் கண்டிருக்கிறோம். ஊரெல்லாம் நம் பூட்டை வாங்கிச் செல்கிறது. அந்த அலமாரிக்கு ஒன்று போடுங்கள். சாவியை வேறு வீட்டில் வையுங்கள்.

திருமணம் செய்தால் தெளிந்துவிடும் என்பது பாட்டியாரின் உறவினர் கூறிய யோசனை. நம்முடையது சிறிய சமூகம். நான்கு ஊர் தாண்டினால் எல்லோரும் சொந்தம். ஆகவே மறைக்கும் ஆசை எழுகிறது. தளர்ந்த கடிவாளத்தோடு புதிய வீட்டிற்கு அனுப்புவது இரு குடும்பத்திற்கும் இழைக்கும் தீங்கு. சிகிச்சை முதலில், மணம் அந்தப் பெண்ணே விரும்பித் துணியும் காலத்தில். மற்றொருவர், நோன்பு ஏற்கச் சொன்னாராம். எந்தத் தகடு சிக்கியிருக்கிறதோ அந்தத் தகட்டின் மீதே பாரத்தை ஏற்றும் யோசனை அது. மாத்திரை உண்பவர் மருத்துவரைக் கேளாமல் உணவைத் துறத்தல் ஆகாது. இரவு உணவுக்குப் பின் என்று சீட்டில் எழுதியிருந்தால், நம் வீடுகளில் பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை என்பதை மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொல்லுங்கள். நேரத்தை எப்படி அமைப்பது என்று அவர் கூறுவார். சொல்லாமல், மாத்திரையைத் தவிர்ப்பவர்களை நாம் அறிவோம்.

ஒரு மாதம் கழித்துப் பாட்டியார் சொன்னபடி வந்தார். திமிரன்று, நோயே என்றோம். கடிவாளத்தின் தளர்ச்சி என்றோம். காகம், எருமை எல்லாம் கூறினோம். "எருமைக்குக் கை தூக்கினால் நாங்கள் கூடத்தான் சிரிப்போம்" என்றார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "முந்தாநாள் அவள் கத்தியபோதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, டீச்சரம்மா. அது தப்போ?" என்று கேட்டார். ஆம் என்றோம். வைத்த காபி ஆறிக்கொண்டிருந்தது. எழுந்துகொண்டார். ஆலை வண்டி ஐந்தரைக்கு வரும், அதற்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்றார்.